ஏழாம் கலத்தின் இரண்டாம் பாகம்

காப்பிக் கொட்டைக்குக் காப்பி வாசனை கிடையாது. வறுப்பதற்கு முன்னால், தோல் நீக்கிய பச்சைக் கொட்டைக்கு இருப்பது நனைந்த சாக்கின் வாசனையும், அறுத்துப் போட்டு ஒரு நாள் ஆன புல்லின் வாசனையும், மூக்குக்குள் புகுந்து தும்ம வைக்கிற ஒரு மெல்லிய தூசியும்தான். கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான பண்ணைக்காட்டில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மூச்சை ஆழ இழுத்து "ஆகா, என்ன மணம்" என்று கண்ணை மூடுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். ஐம்பது வயதைத் தாண்டியபின் ஊராரைத் திருத்துகிற தெம்பு எனக்கு இல்லை.

அந்தத் தூசிக்குள் நான் ஏறத்தாழ இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சை விடுமுறையில், ஏறக்கூடாது என்று அம்மா நூறு தடவை சொல்லியிருந்த பட்டர்புரூட் மரத்தில் ஏறி, கிளையோடு கீழே வந்து, வலது காலை முறித்துக்கொண்டேன். வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போட்டார்கள். அப்பா வாடகை ஜீப் ஓட்டுபவர், விடிந்தால் மலையிறங்கிவிடுவார். அம்மா காப்பி வியாபாரி ஒருவரின் குடோனில் கொட்டை பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலொடிந்த பெண்ணை வீட்டில் தனியே விட அவளுக்கு மனம் வரவில்லை, வேலையை விடவும் வழியில்லை. தினமும் என்னை முதுகில் தூக்கிக்கொண்டுபோய்க் குடோனின் மூலையில், சாக்கு மூட்டைகள் மேல் உட்கார வைத்தாள். "மரத்துல ஏறுனவ இப்ப மூட்டையில ஏறி உக்காரு, ஆச தீரட்டும்" என்று ஒரு நாளும் சொல்லாமல் இருந்ததில்லை.

குடோன் ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். பதினெட்டுப் பெண்கள் இரண்டு வரிசையாகச் சுவரில் சாய்ந்து, மடியில் முறத்தை வைத்து, கருத்த கொட்டை, உடைந்த கொட்டை, பூச்சி துளைத்த கொட்டை மூன்றையும் விரலால் ஒதுக்கிவிட்டு நல்லதை முன்னால் இருக்கிற சாக்கில் கொட்டுவார்கள். இதற்குப் "பொறுக்கு" என்று பெயர். குருசாமி மேஸ்திரி வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். "வாய் அசஞ்சா கண்ணு தப்பிரும், சோலியப் பாருங்க" என்பது அவர் தினமும் காலை ஒன்பது மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் சொல்லுகிற வாக்கியம். பேசக்கூடாது, பாடக்கூடாது, சிரிக்கவே கூடாது. குளிர் வேறு, மார்கழிக் குளிர், சிமெண்டுத் தரையிலிருந்து ஏறி இடுப்பைப் பிடிக்கும். அந்த இடத்தைப் பற்றி இனிமையாக எதையாவது சொல்ல முடியுமா என்று இத்தனை வருடங்களில் பல தடவை யோசித்திருக்கிறேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

எனக்குப் பொழுது போகாமல், அப்பாவின் ஜீப்பில் வந்தவர்கள் மறந்துவிட்டுப்போன மாத நாவல்களை எடுத்து வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். மனதுக்குள் படிக்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை, பள்ளிக்கூடத்தில் கத்திப் படித்தால்தான் படிப்பு. மேஸ்திரி முதல் நாள் அதட்டினார். இரண்டாம் நாள், நான் படிக்கும்போது பதினெட்டு வாயும் மூடியிருப்பதையும் சாக்கு சீக்கிரம் நிறைவதையும் கவனித்தார். மூன்றாம் நாள், "ஏ புள்ள, அந்தப் பேராசிரியரு மிசினுக்குள்ள போனாரே, என்ன ஆனாரு, வெரசாப் படி" என்று அவரே கேட்டார். அதற்குப்பின் நான் இருமினால் எனக்குச் சுடுதண்ணீர் வந்தது.

அந்த நாவல்களில் பாதி விஞ்ஞானக் கதைகள், மீதி மந்திர தந்திரக் கதைகள். துப்பறியும் கதைகளை யாரும் ஜீப்பில் மறந்து வைக்கமாட்டார்கள் போலிருக்கிறது. ஆயிரம் வருடம் கழித்து நடக்கிற கதை ஒன்றில் கதாநாயகி பொத்தானை அமுக்கிச் சமைப்பாள். "ஆயிரம் வருசம் போயும் அடுப்படி நம்ம தலையிலதானா" என்று அம்மா வரிசையே அலுத்துக்கொண்டது. பறக்கும் குதிரைகளும் ஏழு தலை நாகமும் வருகிற கதை மேஸ்திரிக்கு மிகவும் பிடித்தது, தோளில் துண்டோடு நடப்பதை நிறுத்திவிட்டு நின்றே கேட்டார். எழுதினவர்களைப் பற்றி அங்கே யாருக்கும் அக்கறை கிடையாது. கதை புத்தகத்தில் விளைகிறது, அவ்வளவுதான். "ஏழாம் கலம்" என்கிற நாவல் வரும்வரை அப்படித்தான் இருந்தது.

அதன் அட்டையில் ஒரு பெண் வெள்ளி உடையில், தலையைக் கண்ணாடிக் குடத்துக்குள் விட்டுக்கொண்டு நிற்பாள். குடத்துக்குள்ளும் கூந்தலில் மல்லிகைச் சரம் இருந்தது. பின்னட்டையில் ஆசிரியர் கோளரசன், கறுப்புக் கண்ணாடி அணிந்து, எங்கோ மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கதை இதுதான். ஒரு கிரகத்து மக்களை அவர்களின் கொள்ளுப்பாட்டன் காலத்தில் உப்பு வெட்டுவதற்காக ஒரு நிலவுக்குக் கூட்டிப் போகிறார்கள். நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து, உப்பு வெட்டி, அங்கேயே புதைகிறது. ஒரு நாள் அந்த நிலவை ஆள்கிறவர்கள், நீங்கள் இங்கத்தியர் இல்லை, உங்கள் சொந்தக் கிரகத்துக்குப் போங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு எண்ணைக் கழுத்தில் கட்டி, ஆளுக்கொரு பெட்டிக்கு மேல் கூடாது என்று விதித்து, ஏழு கலங்களில் ஏற்றி அனுப்புகிறார்கள். மயூரி, தாரகை என்று இரண்டு சகோதரிகள். அக்காவுக்கு ஆறாம் கலம், தங்கைக்கு ஏழாம் கலம். ஆறாம் கலம், மயூரி கண்ணால் பார்த்தே இராத அந்தச் சொந்தக் கிரகத்தில் வந்து இறங்குகிறது. ஏழாம் கலம் வரவில்லை. மயூரி இறங்குதளத்தில் நின்று வானத்தைப் பார்க்கிறாள். "தொடர்ச்சி இரண்டாம் பாகத்தில்" என்று போட்டுக் கதை முடிந்துவிட்டது.

நான் தலையை நிமிர்த்தினால் எதிர் வரிசையில் ஒருத்தர் கையும் அசையவில்லை. எதிர் வரிசைப் பெண்கள் பாதிப் பேர் சாலைக்கு மேலே காலனியில் இருந்தவர்கள், ஊரில் எல்லாரும் "சிலோன்காரங்க" என்று சொல்லுகிற குடும்பங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் லயம் என்கிற வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்து, இந்தியாவுக்கு இத்தனை பேர் என்று இரண்டு அரசாங்கங்களும் கணக்குப் பிரித்ததில் அனுப்பப்பட்டு, அவர்கள் கோச்சி என்கிற ரயிலிலும் கப்பலிலும் வந்து இறங்கியவர்கள். அவர்களில் அஞ்சலை அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவர்தான் முதலில் பேசினார். "இது கத இல்ல பாப்பா. எங்கள லயத்துல இருந்து கோச்சியில ஏத்துனப்ப இப்புடித்தான் நம்பரு கட்டுனாங்க. எழுதுனவரு நம்ம ஆளு. தோட்டத்து ஆளு." பின்னட்டையை வாங்கி, கறுப்புக் கண்ணாடிக்காரரை எல்லாரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒருத்தி அவரைப் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாகப் பார்த்த ஞாபகம் இருப்பதாகவே சொன்னாள்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் அஞ்சலை அக்கா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் மூட்டை மேல் கண்ணை மூடிக் கிடந்தேன், தூங்குவதாக நினைத்துக்கொண்டார்கள். அக்காவின் தங்கை கனகு. அக்காவுக்குக் கணவன் வழியில் இந்தியாவுக்குப் போகும் காகிதம் வந்தது, கனகுக்கு வரவில்லை. பத்து வருடத்துக்கு முன் ரயில்மேடையில் விட்டுவிட்டு வந்ததுதான் கடைசி. அங்கே கலவரம் நடந்தபின் கடிதம் நின்றுபோனது, இவர் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. லயத்தையே கொளுத்திவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். காலனியில் எல்லாரும், இனிமேலும் அந்தப் பெண்ணின் ஆத்மாவைப் பட்டினி போடாதே, தை அமாவாசைக்குப் படையல் வைத்துவிடு என்று சொல்லிவிட்டார்களாம். பூம்பாறையில் பூண்டுக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த கணவரும் சரி என்றுவிட்டார். "எலை போட்டுட்டா அவ செத்ததா ஆயிரும்ல அக்கா, எனக்குக் கை வர ஏலாது" என்று அஞ்சலை அக்கா அம்மாவைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே கனகைப் பற்றி என்னென்னவோ சொன்னார். அவற்றில் ஒன்று இது: தோட்டத்தில் எல்லாரும் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே தேத்தண்ணி குடிப்பார்கள். கனகு மட்டும் சீனியை இடது கையில் பொத்திக்கொண்டு வெறும் தேத்தண்ணியை முழுசும் குடித்து முடித்து, அதற்குப்பின்தான் சீனியை ஒரே வாயாகப் போடுவாள். கடைசிவரை இனிப்பு இருக்கட்டும் என்பாளாம்.

இரண்டாம் பாகம் வரவில்லை. அப்பா வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையில் கேட்டார், பழனிக்குப் போனபோது அங்கேயும் கேட்டார். கோளரசன் பெயரில் அடுத்த மாதம் ஒரு பேய்க்கதை வந்திருந்தது, அவ்வளவுதான். குடோனில் எனக்கு நிம்மதி போய்விட்டது. நான் வேறு எதைப் படித்தாலும், "அது கெடக்கட்டும், ஏழாவது கலம் என்னாச்சு" என்று மேஸ்திரி முதற்கொண்டு கேட்டார்கள். அஞ்சலை அக்கா கேட்கமாட்டார், என்னைப் பார்ப்பார். அமாவாசைக்குப் பத்து நாள் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் என் கணக்கு நோட்டை எடுத்து, நானே இரண்டாம் பாகத்தை எழுதினேன். இரக்கத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதிதான் இரக்கம். கோளரசனால் முடிந்தது என்னாலும் முடியும் என்கிற திமிர் மீதிப் பாதி. ஏழாம் கலத்தின் சுக்கான் உடைந்து, அது வேறு ஒரு கரையில் இறங்கிவிட்டதாக எழுதினேன். பதிவு செய்கிறவர்களுக்குப் பாஷை புரியாமல் தாரகையை வேறு பெயரில் எழுதிவிட்டார்கள், அதனால்தான் யார் தேடியும் கிடைக்கவில்லை. கடலோரத்தில் ஒரு முகாமில் அவள் உயிரோடு இருக்கிறாள், அக்கா வருவாள் என்று உட்கார்ந்திருக்கிறாள். கடலோர முகாம் என்னுடைய கற்பனை இல்லை. இலங்கையிலிருந்து வருகிறவர்களை முதலில் அப்படியொரு முகாமில்தான் வைத்திருந்து அனுப்புவார்கள் என்று காலனிக்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். தாரகைக்கு ஒரு குணம் வேண்டியிருந்தது. என் தலைக்குள் வேறு ஒன்றும் இல்லாததால், கேட்டதையே எழுதினேன். நீல நிறப் பானத்தைக் குடித்து முடிக்கும்வரை அவள் சர்க்கரையை இடது கையில் பொத்தி வைத்திருந்தாள், கடைசி மிடறு இறங்கியபின்தான் வாயில் போட்டாள்.

நோட்டை வேறொரு மாத நாவலின் அட்டைக்குள் செருகி, "வந்துருச்சு, ரெண்டாம் பாகம்" என்று அறிவித்து, மூன்று நாள் படித்தேன். மூட்டை மேல் நான் இருந்த உயரத்துக்குக் கீழேயிருந்து யாருக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. என் வாழ்க்கையில் அதற்குப்பின் எந்த மேடையிலும் அவ்வளவு கவனமாக யாரும் என்னைக் கேட்டதில்லை. கலம் கரையில் இறங்கியபோது மேஸ்திரி "அப்பாடி" என்று சத்தமாகவே சொன்னார். மூன்றாம் நாள் சர்க்கரை வந்தது.

அஞ்சலை அக்காவின் முறம் மடியிலிருந்து சரிந்து, பொறுக்கியதும் பொறுக்காததும் ஒன்றாகத் தரையில் கொட்டியது. "இன்னொருக்காப் படி" என்றார். படித்தேன். "எந்தக் கை?" என்றார். "இடது கை" என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"எழுதுனவரு கனகப் பாத்திருக்காரு" என்றார். "பாக்காம இது எழுத ஏலாது. என் தங்கச்சி உசுரோட இருக்கா."

மேஸ்திரி "ஏத்தா, சோலியப் பாரு" என்று சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து கொட்டையை அள்ளினார். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். நோட்டைத் தூக்கிக் காட்டியிருந்தால் இரண்டு அறை கிடைத்திருக்கும், அதோடு போயிருக்கும். சாயங்காலம் அஞ்சலை அக்கா என்னிடம் வந்து, "ரெண்டு பொஸ்தகத்தையும் குடு பாப்பா, நான் முகாமுல காட்டி விசாரிக்கணும்" என்று கேட்டபோதாவது சொல்லியிருக்க வேண்டும். முதல் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் பாகத்தை, ஜீப்பில் விட்டுப்போனவர் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று சொன்னேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

தை அமாவாசைக்குப் படையல் வைக்கவில்லை. கணவர் பூம்பாறையிலிருந்து வாங்கி வந்திருந்த காய்கறியைக் காலனியில் பங்கு வைத்துவிட்டு, அமாவாசைக்கு முதல் நாளே அஞ்சலை அக்கா புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு மலையிறங்கிப் போய்விட்டார். ஆறாம் நாள் திரும்பி வந்தார்.

அங்கே நடந்ததை அம்மாவிடம் அவரே சொன்னார். முகாம் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா பதிவேட்டை இரண்டு முறை பொறுமையாகப் புரட்டிப் பார்த்து, கனகம்மா என்று இந்த வயதில் யாரும் இல்லை அம்மா என்று சொல்லிவிட்டார். அக்கா அசரவில்லை. வேறு பெயரில்தானே எழுதியிருப்பார்கள்? கதையிலேயே அப்படித்தானே இருந்தது? அதனால் மூன்று நாள் முகாமின் டீக்கடைக்கு எதிரே உட்கார்ந்து, டீ குடிக்க வருகிற ஒவ்வொரு பெண்ணின் இடது கையையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இதைக் கேட்டதும் நான் உடைந்துபோய் அழுதேன். கால்வலி என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவர் வெள்ளனே குடோனுக்கு வந்து நின்றபோது அவருடைய இடத்தில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். முதலாளி ஆள் போட்டுவிட்டார், மேஸ்திரியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அக்கா அதற்குப்பின் மிளகு பறிக்க ஏணி ஏறவும், சாலை வேலைக்குக் கல் சுமக்கவும் போனார். என் கட்டுப் பிரித்த அன்றைக்கு, நொண்டிக்கொண்டே காலனிக்குப் போய், கணக்கு நோட்டை அவர் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். ரெண்டாம் பாகம் என்று ஒன்று இல்லை, நான்தான் எழுதினேன், என்னை அடியுங்கள் என்றேன்.

அவர் அடிக்கவில்லை. நோட்டை வாங்கிப் புரட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "இது நீ பொஸ்தகத்தப் பாத்து எழுதி வச்சது" என்றார்.

"இல்லக்கா, நானா எழுதுனது."

"ஒங்கம்மா சொல்லச் சொன்னாளா? நான் அலையக் கூடாதுன்னு? அவ நல்லவ, அப்படித்தான் செய்வா." அவர் சிரித்தார். "பன்னண்டு வயசுப் புள்ள நீ. கனகு எப்புடிச் சீனி தின்னுவான்னு ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"நீங்கதான் அம்மாட்டச் சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்."

"நான் சொல்லவே இல்லையே" என்றார். அவருக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்கு நொண்டிக்கொண்டே வந்து அம்மாவைக் கேட்டேன், அவளுக்கும் ஞாபகம் இல்லை. "அவ அன்னைக்கு என்னென்னமோ சொல்லி அழுதா, சீனியக் கண்டேனா காப்பியக் கண்டேனா" என்றாள். உண்மையைச் சொல்லியும் பயனில்லாமல் போகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பன்னிரண்டு வயதில் தெரியவேண்டிய விஷயமா அது?

அதற்குப்பின் அஞ்சலை அக்கா ஒவ்வொரு தை மாதமும் அந்த முகாமுக்குப் போனார். கணவர் இறந்த வருடமும் போனார். முட்டி தேய்ந்து பேருந்துப் படி ஏற முடியாமல் ஆகும்வரை போனார். நான் பழனியில் கல்லூரிக்குப் போனேன், ஏதேதோ வேலை பார்த்தேன், கடைசியில் கொடைக்கானலில் வாடகை வீட்டில் உட்கார்ந்து வேற்றுக் கிரகக் கதைகளும் மாயாஜாலக் கதைகளும் எழுதுகிறவளாக ஆனேன். பதினான்கு புத்தகங்கள். என் கதைகளில் எந்தக் கலமும் தொலைவதில்லை, எல்லாரும் எப்படியாவது கரை சேர்ந்துவிடுகிறார்கள், இது நம்பும்படி இல்லை என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். மூழ்கடிக்கலாம் என்று எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன், கை வருவதில்லை. இங்கிலீஷ் பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டு மாலை போட்டு, "மேம், உங்க இமாஜினேஷன் எங்கேருந்து வருது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மலையிலிருந்து, மேகத்திலிருந்து என்று எதையோ சொல்லி வைக்கிறேன். அவர்களும் கை தட்டுகிறார்கள்.

ஒருமுறை சென்னைக்குப் போயிருந்தபோது கோளரசனைத் தேடினேன். அப்படி ஒரு ஆள் இல்லை. அந்த மாத நாவல் பதிப்பகம் நான்கு பேரை வைத்து அந்தப் பெயரில் எழுத வைத்திருக்கிறது, பின்னட்டையில் இருந்தது யாரோ ஒரு அச்சக ஊழியரின் மைத்துனர். நால்வரில் ஒருவர்தான் உயிரோடு இருந்தார், பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழாம் கலத்தை எழுதியது அவர்தான். இரண்டாம் பாகம் என்னவாயிற்று என்று கேட்டேன். "பக்கம் தீர்ந்துபோச்சும்மா. முடிக்கத் தெரியல. அதனால தொடர்ச்சின்னு போட்டுட்டேன்" என்றார். கழுத்தில் எண் கட்டியது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, ஒருமுறை திருச்சி ரயில்மேடையில் கழுத்தில் எண்ணும் கையில் தகரப் பெட்டியுமாக ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். பேசினீர்களா என்றேன். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்றார். அவர்மேல் கோபப்படலாம் என்றுதான் அவ்வளவு தூரம் போனேன். கோபம் வரவில்லை. அவருக்குக் கண் தெரியவில்லை, வீட்டில் ஒருத்தரும் பேசுகிற மாதிரி இல்லை, ஒரு கதையை யாரோ ஞாபகம் வைத்துக்கொண்டு வந்தது அவருக்குப் போதுமாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார்.

மாத நாவல் தொங்கிய கடைகள் இப்போது இல்லை. அந்தக் குடோனை வாங்கியவர் வெள்ளையடித்து, தொட்டிச் செடி வைத்து, வருகிறவர்கள் தங்குகிற விடுதியாக்கிவிட்டார். கொட்டையை இயந்திரம் பிரிக்கிறது. மேஸ்திரி இல்லை, அம்மாவும் இல்லை. இவை போனதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது, அந்தத் தரையின் குளிர் இப்போதும் என் முட்டியில் இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்கிற சாலையில், போன ஆடி அமாவாசைக்கு நான் மூன்று மணி நேரம் ஊர்ந்து பண்ணைக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அஞ்சலை அக்காவின் மகன் போன் செய்து, அம்மா உங்களை வரச் சொல்லுது என்று கூப்பிட்டிருந்தான்.

நான் போனபோது சமையல் முடிந்திருந்தது. சுவரோரம் தலைவாழை இலைகள் இரண்டு போட்டு, சோறும் குழம்பும் கூட்டும் வடையும் பரிமாறி, விளக்கேற்றி வைத்திருந்தார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மெலிந்து, கண்ணில் கண்ணாடி போட்டிருந்தார்.

"கனகுக்கு எலை போட்டுட்டேன்" என்றார். "எனக்கே எழுபத்தஞ்சு தாண்டிருச்சு. அவ எங்க இருந்திருந்தாலும் இந்நேரம் போயிருப்பா. நானும் போயிட்டா அவளுக்குப் போட ஆளில்ல. அதான்."

"நல்லதுதான்க்கா" என்றேன். இன்னொரு இலை யாருக்கு, மாமாவுக்கா என்று கேட்டேன்.

"அவருக்குத் தெவசம் தனியா வருது. இது அந்தக் கத எழுதுனவருக்கு." அவர் விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டாம் பாகம் எழுதுனாரே, அவருக்கு. அவரும் போயிருப்பாரு. புள்ள குட்டி இருக்கோ என்னமோ, யாரு எலை போட்டாங்களோ. நாப்பது வருசம் என் தங்கச்சிய உசுரோட வச்சிருந்த மனுசன். சும்மா விட ஏலாது பாரு."

இடையில் எத்தனை முறை இவரிடம் சொல்லியிருப்பேன், அது நான்தான் என்று. என் முதல் புத்தகம் வந்தபோது சொன்னேன், அம்மா இறந்த வீட்டில் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கையை ஆட்டி, "சரி சரி, சாப்டியா" என்றுவிடுவார். இந்த முறையும் வாயைத் திறந்தேன். அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார், உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நானும் கையைக் கூப்பினேன்.

காக்கைக்கு வைத்துவிட்டு வந்தபின், கனகின் இலையில் மகன் உட்கார்ந்தான். அக்கா என்னைப் பார்த்து, "நீயும் கத எழுதுறவதான, அவரு எலையில நீ உக்காரு" என்றார். எனக்குப் பசியில்லை. மறுக்க முடியுமா? உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தேன். அக்கா நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்து வந்து, தன் கையால் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றி, "மிச்சம் வைக்காமச் சாப்புடு ஆத்தா, அவரு ஆத்துமா குளுரட்டும்" என்றார்.